பாப்பாவுக்கு, வருமான வரி விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் தம்பியும் சுகம். உன் சுகம், மாப்பிள்ளை சுகம், குட்டி சுகம் எல்லாம் எழுது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நீ "அப்புறம் பேசறேம்மா" என்கிறாய், அந்த அப்புறம் வருவதே இல்லை. கடிதம் என்றால் எடுத்து வைத்துவிட்டு, குட்டி தூங்கினதும் படிக்கலாம்.

ஒரு சின்ன விஷயம் கேட்க வேண்டும். வருமான வரிதான். வீட்டுக் கடன் வட்டியை உன் வரியில் கழிக்கிறாயா? குடியிருக்கிற வீடு என்றால் பழைய வரி முறையில் வருஷத்துக்கு 2 லட்சம் வரை வட்டிக்குக் கழிவு உண்டு, இரண்டு பேர் சேர்ந்து வாங்கியிருந்தால் ஆளுக்கு 2 லட்சம் என்று தம்பி சொன்னான். புதிய முறையில் அது கிடையாதாம். நாமாகப் பழையது வேண்டும் என்று கேட்காவிட்டால் 2023-லிருந்து புதியதில்தான் போட்டுவிடுவார்களாமே. நீ எதில் இருக்கிறாய்? அப்பா இருந்தால் உன்னை உட்கார வைத்துக் கணக்குப் போட்டிருப்பார். பிப்ரவரி வந்தால் எல்.ஐ.சி. ரசீதும் அஞ்சலக பாஸ் புத்தகமும் தேடி வீட்டையே புரட்டிப் போடுவாரே, ஞாபகம் இருக்கிறதா? ஆசையாகச் சேர்த்தவர் இல்லை அவர், வரிக்குப் பயந்து சேர்த்தவர். ஆனால் அந்தப் பயத்தில் சேர்த்ததுதான் உன் காலேஜ் பீஸ். இந்தப் புதிய முறையில் சேர்த்தாலும் ஒன்றுதான், சேர்க்காவிட்டாலும் ஒன்றுதான் என்று சர்க்காரே சொல்லிவிட்டால் யார் சேர்ப்பார்கள்? சரி, அது வேறு பேச்சு.

கேட்டதற்குக் காரணம், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கெல்லாம் அந்தக் கழிவு கிடைக்காதாம். வீடு யார் பெயரில் இருக்கிறதோ, அவர் கட்டுகிற வட்டிக்கு மட்டும்தானாம். அதனால்தான் கேட்டேன். வேறொன்றுமில்லை.

இங்கே மழை விட்டு நடவு முடிந்தது. கொல்லையில் முருங்கை சாய்ந்துவிட்டது. எதிர்வீட்டு அக்காவுக்கு மகளிர் உரிமைத் தொகை மாதாமாதம் ஒழுங்காக வருகிறது. பென்ஷன் வருகிற வீடு என்பதால் எனக்குக் கிடையாது, நான் கேட்கவும் இல்லை. 2023 செப்டம்பரில் முதல் 1,000 ரூபாய் வந்த அன்று அந்த அக்கா பாஸ் புத்தகத்தைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். பணத்தைக் காட்டவில்லை, முதல் பக்கத்தில் அச்சடித்திருந்த தன் பெயரைக் காட்டினார். அவர் பெயரில் ஒரு கணக்கு, அதில் வருகிற பணம், கேட்காமல் எடுத்துக் கணவரால் செலவழிக்க முடியாத பணம். 1,000 ரூபாயில் என்ன ஆகிவிடும் என்று பேசுகிறவர்கள் அந்த வீட்டுத் திண்ணையில் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

பார்த்தாயா, சேதி எழுத உட்கார்ந்தாலும் பேச்சு அங்கேயேதான் போகிறது.

உன் அப்பாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் இருந்த கணக்கு சார் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். அவர் வேலைக்குச் சேர்ந்தது 2004-ல். 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்ததால் பங்களிப்பு ஓய்வூதியத்தில் போட்டுவிட்டார்கள். மாதாமாதம் சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்து, அரசும் அவ்வளவு போட்டு வைத்தது. கொரோனா இரண்டாம் அலையில் அவர் போனபோது அந்தப் பணம் வட்டியோடு மொத்தமாக வந்தது. குடும்ப ஓய்வூதியம் இல்லை. மூத்தவன் படிப்பு, கடன் என்று பாதிக்கு மேல் கரைந்துவிட்டது என்று அந்தம்மா சொன்னார். எனக்கோ அப்பா கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், அதற்கு மேல் அகவிலைப்படி. விலைவாசி ஏறினால் அதுவும் ஏறுகிறது. வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருக்கிறேன் என்று கருவூலத்தில் முகத்தைக் காட்டிவிட்டு வந்தால் போதும். ஒரே ஸ்டாஃப் ரூம், ஒரே சாக்பீஸ், ஒரே பிள்ளைகள். அந்தம்மா என்னைவிடச் சிக்கனம், என்னைவிடக் கெட்டிக்காரி. அவர் தையல் மெஷின் மிதிக்கிறார், நான் காலை நீட்டிக்கொண்டு டி.வி. பார்க்கிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பது ஓர் அரசாணையும் அதிலிருக்கிற தேதியும்தான்.

தேதியைப் பற்றி எனக்குச் சொல்லவா வேண்டும்? மாசிக் கல்யாணக் கதை உனக்குத் தெரியும். அப்பா வீட்டில் சித்திரையில் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னார்கள். சம்பா நெல் போட்ட காசு கையில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்று தாத்தா மாசியிலேயே முடித்தார். அந்த வருஷம்தான் கலைஞர் ஆட்சியில் பெண்ணுக்கும் பரம்பரைச் சொத்தில் பையனுக்குச் சமமான பங்கு என்று சட்டம் வந்தது. 1989 மார்ச் 25 முதல் அமல். அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணம் ஆன பெண்ணுக்கு இல்லை. கழுத்தில் மஞ்சள் காயாமல் இருந்த எனக்கு இல்லை, பாவாடை தாவணியில் இருந்த உன் சித்திக்கு உண்டு. 1995-ல் பாகப்பிரிவினை பதிவானபோது சித்திக்கு ஆற்றங்கரை நஞ்சையில் ஓர் ஏக்கர் வந்தது. நான் சாட்சிக்காரி மாதிரி ஓரமாக உட்கார்ந்திருந்தேன். "உனக்குத்தான் நகை போட்டாச்சே" என்றார் பெரிய மாமா. 2005-ல் டெல்லியில் சட்டத்தைத் திருத்திக் கல்யாணமான பெண்ணுக்கும் உண்டு என்று ஆக்கினார்கள். ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் பதிவான பாகப்பிரிவினையைத் தொட முடியாதாம். வக்கீல் இரண்டு நிமிஷத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் சித்தி மீது எனக்குப் பொறாமை இருந்தது, பாப்பா. இருந்தது என்ன, இருக்கிறது. அவள் கெட்டவள் இல்லை, அறுவடை முடிந்தால் எனக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பாமல் இருந்ததில்லை. அந்த அரிசியைப் பொங்கும்போதெல்லாம் வயிறு எரியும். சித்தப்பாவின் கடை நொடித்தபோது கடன்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். அவள் நிலத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை, அது அவள் பெயரில் இருந்தது. பட்டா இருந்ததால் கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் கிடைத்தது. இன்றைக்குக்கூட வருஷத்துக்கு 6,000 ரூபாய் கிசான் பணம் அவள் கணக்குக்குத்தான் வருகிறது. அவள் உழைக்காமல் இல்லை, ஆனால் நானும்தான் உழைத்தேன். இத்தனை வருஷமாக அவள் சபையில் நிமிர்ந்து பேசுவாள், நான் அப்பா முகத்தைப் பார்த்துப் பேசுவேன். அது சுபாவம் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

நிலத்துக்குப் பதிலாக எனக்கு வந்தது அந்த நகை. அதில் ஒரு குண்டுமணியும் குறையாமல் உன் கல்யாணத்துக்குப் போட்டேன். அந்த இரட்டை வடச் சங்கிலியும் அதில்தான் சேர்த்தி. புதுமனை புகுவிழாவில் நீ அதைப் போட்டிருக்கவில்லை. வெயில், கசகசப்பு, லாக்கரில் இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

உன் பி.எஃப். பணத்தை எடுத்து முன்பணத்துக்குக் கொடுத்தேன் என்று நீயே சொன்னாய். அப்போது நான் நிம்மதியாக இருந்தேன். வீடு உன் பெயரில் இல்லாமல் பி.எஃப். கொடுப்பார்களா என்று நினைத்தேன். அப்புறம் தம்பிதான் சொன்னான், கணவர் பெயரில் மட்டும் வாங்கினாலும் அந்தப் பணத்தைக் கொடுப்பார்கள் என்று. கடனிலும் அப்படித்தானாம். உன் சம்பளத்தைக் காட்டினால் கடன் தொகை கூடும், அதற்காக உன்னைக் கூட்டுக் கடனாளியாகச் சேர்ப்பார்கள், பத்திரத்தில் உன் பெயர் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தவணை நின்றால் முழுக்கடனுக்கும் நீயும் பொறுப்பு. வீட்டில் மட்டும் பங்கு இல்லை. இது என்ன நியாயமோ! கோவாவில் கல்யாணம் ஆனவுடன், வேறு ஒப்பந்தம் எழுதாவிட்டால், சொத்து இருவருக்கும் பொது என்று போர்ச்சுக்கீசியர் காலத்துச் சட்டம் இன்னும் இருக்கிறதாம். நமக்கு அப்படி ஒன்றும் இல்லை. யார் பெயரோ அவர் சொத்து. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் கணவர் வாங்கிய சொத்தில் சமபங்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது, நானும் பேப்பரில் படித்தேன். சந்தோஷப்பட்டேன். ஆனால் அதற்குக் கேஸ் போட வேண்டும், வருஷக்கணக்கில் அலைய வேண்டும். பதிவு அலுவலகத்தில் ஒரு வரி சேர்த்து எழுதினால் முடிகிற காரியம்.

மாப்பிள்ளையை நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது அவர் தூக்கிவிட்டதை நான் மறக்கமாட்டேன். அவர் மனசில் ஒன்றும் இருக்காது. அவசரத்தில் ஒருவர் பெயரில் போட்டால் வேலை சுலபம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பத்திரம் வந்துவிட்டதா என்று நான் கேட்டபோது நீ சொன்ன "எல்லாம் அவர் பார்த்துக்கறார்ம்மா" இருக்கிறதே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கம்பெனியில் எத்தனை பேருக்கு மேலே உட்கார்ந்து வேலை வாங்குகிறவள் நீ. உன் படிப்பைப் பற்றிப் பேசாமல் நான் ஒரு கல்யாண வீட்டிலும் சாப்பிட்டு எழுந்ததில்லை. அந்தப் பெண் பேசுகிற பேச்சா அது?

தம்பி சொன்னான், பதிவுத்துறை வெப்சைட்டில் சர்வே நம்பரைப் போட்டால் வில்லங்கம் இலவசமாகவே தெரியும், ஐந்து நிமிஷ வேலை, பார்த்துச் சொல்லவா என்று. வேண்டாம் என்றேன். உனக்குத் தெரியாமல் உன் வீட்டை எட்டிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. நீ சொன்னால் தெரிந்துகொள்கிறேன்.

உன் பெயர் அதில் இருந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அம்மாவுக்குப் பைத்தியம் என்று சிரி. இல்லை என்றால், இப்போதும் வழி இருக்கிறது. கிரயம் என்றால்தான் முத்திரைத்தீர்வை 7 சதவீதம். கணவர் மனைவிக்குப் பாதியைக் காசு வாங்காமல் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தால் 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. வீடு அடமானத்தில் இருப்பதால் பேங்கில் முதலில் சம்மதம் வாங்க வேண்டும், அதை மறந்துவிடாதே. வீட்டில் பேச நல்ல நேரம் பார். சண்டையாக வேண்டாம், வரிக் கணக்கிலிருந்து ஆரம்பி. கணக்கு என்றால் ஆண்களுக்குச் சீக்கிரம் புரியும்.

இன்னொன்று. கல்யாணத்துக்கு முன் பி.எஃப்.-ல் நீ போட்டிருந்த நாமினி செல்லாது, கல்யாணம் ஆனால் புதிதாகப் போட வேண்டும். போட்டாயா? குட்டி பெயரையும் சேர். உயில் எழுதாத பெண்ணின் சம்பாத்தியம் முதலில் கணவருக்கும் பிள்ளைகளுக்கும், அவர்கள் இல்லாவிட்டால் கணவருடைய வாரிசுகளுக்கு, பெற்றவர்களுக்கு அதற்கப்புறம்தான் என்று 1956 சட்டம் சொல்கிறதாம். உன் காசு எனக்கு வேண்டாம், நூறு வருஷம் இரு. சட்டம் உன்னை எந்த வீட்டுக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது என்று தெரிந்துகொள், அதற்காகச் சொன்னேன்.

நாமினி போட மறக்காதே. வில்லங்கம் போட்டுப் பார். பத்திரத்தை நீயே ஒருமுறை கையில் வாங்கி, பெயர் இருக்கிற பக்கத்தைப் படி. யாரையும் படிக்கச் சொல்லாதே, நீ படி. முடிந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, தம்பி நம்பருக்கு வேண்டாம்.

செட்டில்மென்ட் செலவுக்கு நீ யாரிடமும் கேட்க வேண்டாம். என் பெயரில் அஞ்சலகத்தில் இருக்கிறது, தருகிறேன். சங்கிலி எங்கேயாவது அடகில் இருந்தாலும் சொல், மீட்டுவிடலாம்.

குட்டிக்கு முத்தம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அம்மா