அப்பத்தா வச்ச இருவாட்சி

மதுரை
வைகாசி 12

அன்புள்ள தாயிக்கு,

நீ அனுப்பின போட்டோ வந்துச்சு. கூட ஒரு வார்த்தையும் எழுதல. ராத்திரி ரெண்டேகால் மணிக்கு அனுப்பியிருக்க. அழகர் ஆத்துல இறங்கினப்பவும் நீ வரல. வேலை இருக்கும். போட்டோவுல இருக்கிற இருவாட்சிச் செடியைப் பத்தி மட்டும் எழுதுறேன்.

கொழுந்து இலை மஞ்சளா, நரம்பு மட்டும் பச்சையா இருக்கு. அது இரும்புச்சத்துக் குறை. தழைச்சத்துப் பத்தலன்னா அடி இலையிலதான் மஞ்சள் ஆரம்பிக்கும். மண்ணுல இரும்பு இருந்தாலும் போர் தண்ணியில இருக்கிற சுண்ணாம்பு அதை வேர் எடுக்க விடாது. வேர் ஊறிக் கிடந்தாலும் இப்படித்தான். தொட்டிக்கு அடியில தட்டு வச்சிருக்கியே, அதுல தண்ணி நிக்கிறது போட்டோவுலயே தெரியுது. முதல்ல அந்தத் தட்டை எடு.

அப்புறம் ஒரு சாயங்காலமாத் தொட்டியைச் சாய்ச்சு, செடியை மண்ணோட உருவி வேரைப் பாரு. நல்ல வேர் வெளுப்பா, கெட்டியா இருக்கும். அழுகினது கருத்துக் கிடக்கும். ரெண்டு விரலால உருவினா தோல் கழண்டு கையோட வந்துரும், உள்ள நூல் மாதிரி ஒண்ணுதான் மிஞ்சும். நாத்தமும் அடிக்கும். கத்திரியை ஸ்பிரிட்டுல துடைச்சுக்கிட்டு, வெள்ளை தெரியிற வரைக்கும் வெட்டு. வேர்ல மணி மணியா முடிச்சு இருந்தா அது நூற்புழு. பழைய மண்ணை ஒரு பிடிகூட வச்சுக்காதே. வேரை வெட்டினா மேலயும் மூணுல ஒரு பங்கு வெட்டிரணும். பாவமேன்னு விட்டுராதே. மிச்சமிருக்கிற வேரால அத்தனை இலைக்கும் தண்ணி கொடுக்க முடியாது.

புது மண்ணுக்குச் செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நல்லா மக்கின சாணி எரு ஒரு பங்கு. தொட்டி ஓட்டை மேல ஓட்டுச் சில்லு ஒண்ணைக் கவிழ்த்து வை. நட்டதும் காப்பர் ஆக்ஸிகுளோரைடுங்கிற பூஞ்சை மருந்தை லிட்டருக்கு 2.5 கிராம் கரைச்சு வேர்ல ஊத்து. பத்து நாள் நிழல், அப்புறம் காலை வெயில். புதுத் துளிர் வர்ற வரைக்கும் யூரியா, டிஏபி எதையும் காட்டாதே, பிஞ்சு வேர் கருகிரும்.

இரும்புச்சத்துக்கு உரக்கடையில பெரஸ் சல்பேட்னு கேளு, நம்ம அன்னபேதிதான். லிட்டருக்கு 5 கிராம், அரை மூடி எலுமிச்சை பிழிஞ்சு, கரைச்ச உடனே சாயங்காலமா இலையில தெளி. துரு நிறத்துக்கு மாறிட்டா கீழ ஊத்திரு, அது இலைக்கு ஏறாது. மாசம் ஒரு தடவை, மஞ்சள் மறையிற வரைக்கும். பழைய இலையையே பார்த்துக்கிட்டு இருக்காதே, வர்ற கொழுந்தைப் பாரு. தண்ணிக்கு முன்னாடி ரெண்டு கணு ஆழம் விரலை விட்டுப் பாரு. ஈரம் இருந்தா ஊத்தாதே. தட்டையும் மறுபடி வைக்காதே.

உன்னைப் பத்தித் தெருவுல விசாரிக்கிறப்ப எனக்குப் பெருமையாத்தான் இருக்கு. ஆனா ஒரு செடி இந்தக் கதிக்கு வர்ற வரைக்குமா தாயி சொல்லாம இருக்கிறது?

மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடே கொடுத்துட்டாங்க, அது எங்கயும் போயிராது. இருவாட்சியை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல தேடித்தான் பார்க்கணும். விதை போட்டு எடுக்கவும் முடியாது. குச்சி போச்சுன்னா செடி போச்சு.

வாசல்ல நின்ன தாய்ச்செடியைக் கரையான் அரிச்சிருச்சுன்னு உங்கிட்ட சொன்னேன். கரையான் இல்லை. உன் கல்யாணத்துக்கு வாசல் பளிச்சுன்னு இருக்கட்டும்னு தூரை ஒட்டிச் சிமெண்ட் போட்டது நான்தான். அந்தச் சுண்ணாம்பு இறங்கி, வேருக்குக் காத்தும் இல்லாம, இதே மஞ்சள்தான் அப்பவும். ஆறு மாசம் தினம் அதைத் தாண்டித்தான் போனேன், வந்தேன். வேரைப் பாருங்கன்னு உங்கம்மா சொன்னா. போட்ட வாசலை உடைச்சா நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு தண்ணியை மட்டும் ஊத்திக்கிட்டு இருந்தேன். உடைச்சிருக்கணும் தாயி.

போன வாரம் உடைச்சிட்டேன். ரெண்டடிக்கு ரெண்டடி, ஜல்லியெல்லாம் அள்ளிட்டுச் செம்மண் நிரப்பி வச்சிருக்கேன்.

மேல வெட்டுற கிளையைத் தூக்கிப் போட்டுராதே. பென்சில் கனம், அரை முத்தல், மூணு கணு இருக்கிற மாதிரி ஆறு குச்சி எடு. கணுவுக்குக் கீழ சாய்ச்சு வெட்டு. நுனியில ரெண்டு இலையைப் பாதியா நறுக்கிட்டு மத்ததை உருவிரு. மூணை அங்க மணல்ல ஊனி, பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி நிழல்ல வை. வேர் பிடிக்க ஒரு மாசத்துக்கு மேல ஆகும், ஆட்டிப் பார்க்காதே. மத்த மூணை ஈரத்துணியில சுத்தி எடுத்துக்கிட்டு வா. ஒரு ராத்திரி தாங்கும். பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல ஏறு.

எத்தனை நாளுக்கு வந்திருக்கன்னு இங்க யாரும் கேட்க மாட்டோம். ஸ்டேஷனுக்கு நான் வந்துருவேன்.

அப்பா