எட்டு ஃபண்டு இருந்தால் போதுமா?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள். இங்கே எல்லோரும் நலம். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள். கைக்கு எட்டிய காகிதம் எதுவும் தப்புவதில்லை.

ஓய்வுக்காலப் பணத்தை எட்டு மியூச்சுவல் ஃபண்டுகளில் பிரித்துப் போட்டிருக்கிறேன், அதனால் பயமில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. போன மாதம் வரை நானும் அதே தைரியத்தில்தான் இருந்தேன். என்னிடம் ஆறு ஃபண்டுகள். ஒரு நாள் மதியம் ஆறின் அறிக்கைகளையும் மேசையில் விரித்து, ஒவ்வொன்றிலும் அதிகப் பணம் போட்டிருக்கும் பத்துப் பங்குகளை ஒரே தாளில் எழுதினேன். திரும்ப வரும் பெயருக்குச் சிவப்புப் பேனாவால் கோடு. மூன்றாவது அறிக்கைக்குள்ளேயே தாள் சிவந்துவிட்டது. ஒரே வங்கி ஐந்து ஃபண்டுகளில் இருந்தது! பெயர்தான் ஆறு, உள்ளே எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

இன்னொரு சின்னக் கணக்கும் போட்டுப் பார். ஒவ்வொரு முதலீடும் மொத்தத்தில் எத்தனை பாகம் என்று எடுத்து (70 சதவீதம் என்றால் 0.70), அதை அதாலேயே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டு. வந்த தொகையால் 1ஐ வகு. பத்து முதலீடுகளில் ஒன்றில் மட்டும் 70 சதவீதம், மீதி ஒன்பதில் சமமாக 30 சதவீதம் என்றால் கூட்டுத்தொகை 0.50, விடை 2. பத்து இருந்தும் இரண்டு வைத்திருப்பதற்குத்தான் சமம். அந்த இரண்டும் சேர்ந்தே விழுமா என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. 1952இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஹாரி மார்க்கோவிட்ஸ் எழுதிய கட்டுரை இந்த இடத்தைத்தான் பிடித்தது: ஒரு பங்கு தனியாக எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதோடு, மற்றவற்றோடு சேர்ந்து இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதனால் நான் இப்போது ஒவ்வொரு முதலீட்டுக்கு எதிரேயும் ஒரு கேள்வி எழுதிக்கொள்கிறேன்: என்ன நடந்தால் இது விழும்? இரண்டுக்கு ஒரே பதில் வந்தால் அவை ஒன்றுதான்.

உன் விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை பழைய கம்பெனியின் பங்குதான். பென்ஷனும் அங்கிருந்தே வருகிறது, பங்கும் அதிலேயே. விசுவாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் என்ரான் என்ற அமெரிக்க எரிசக்திக் கம்பெனி 2001 டிசம்பரில் திவாலானது; அதற்கு முந்தைய ஆண்டு இறுதியில் அதன் ஊழியர்களின் ஓய்வுக்கால சேமிப்பில் பாதிக்கு மேல் அந்தக் கம்பெனிப் பங்காகவே இருந்தது. வேலையும் போய், சேமிப்பும் போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகவாவது குறைத்துவிடு.

எல்லாப் பணத்தையும் ஒரே நாட்டில் வைப்பதும் அப்படித்தான். ஜப்பானின் பங்குச்சந்தைக் குறியீடான நிக்கேய் 1989 இறுதியில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். 34 வருடம்! நம் வயதில் யாரால் அவ்வளவு காத்திருக்க முடியும்?

கடன் பத்திரங்கள் இருக்கின்றனவே என்று நீ சொல்லலாம். பெரும்பாலும் அவை தாங்கும். ஆனால் 2022இல் வட்டி வேகமாக ஏறியபோது அமெரிக்காவில் பங்குகள் ஏறத்தாழ 18 சதவீதமும் பத்திரங்கள் 13 சதவீதமும் சேர்ந்தே இறங்கின. அன்றாடச் செலவுக்குப் பணம் எடுக்கிற நம்மைப் போன்றவர்களை அந்த மாதிரி வருடம்தான் அதிகம் அடிக்கும், இறங்கிய விலையில் விற்க வேண்டி வருவதால். இரண்டு மூன்று வருடச் செலவுக்கான பணத்தை நான் டெபாசிட்டில் தனியாக ஒதுக்கிவிட்டேன். அதற்குப் பிறகுதான் சரியாகத் தூங்குகிறேன்.

அப்புறம், பங்குக்கும் பத்திரத்துக்கும் உள்ள விகிதத்தைக் கடைசியாக எப்போது சரிபார்த்தாய்? பங்கு 60, பத்திரம் 40 என்று தொடங்கியது, பங்கு இரட்டித்து, பத்திரம் பத்து சதவீதம் மட்டும் ஏறினால், தானாகவே 73க்கு 27 ஆகிவிடும். நீ எதுவும் செய்யாமலேயே ஆபத்து கூடியிருக்கும்.

கண் கூசாமல் படிக்க முடிகிறபோது எட்டு அறிக்கைகளையும் எனக்கு அனுப்பு. சிவப்புப் பேனா என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்