தங்கச்சிக்கு, வேலையை விடும் முன்

அன்புள்ள தங்கச்சி,

கொழும்புக் கோட்டையில் பார்க்கும் வேலையை விட்டுவிட்டு, வெள்ளவத்தை பிளாட்டிலேயே சாரி பிளவுஸ் தைத்துக் கொடுக்கப் போகிறேன் என்று நேற்று போனில் சொன்னாய். உன் கை எனக்குத் தெரியும், தையலைப் பற்றிப் பயமில்லை. உன் வாயை நினைத்தால்தான் பயம். யார் என்ன கேட்டாலும் "பரவாயில்லை, தாங்கோ" என்று வாங்கி வைத்துக்கொள்கிற பிள்ளை நீ.

நான் கொட்டாஞ்சேனையில் தைக்கத் தொடங்கியபோது முதலில் வந்தவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்தான். ஒரு மாமி நாலு பிளவுஸ் கொண்டு வந்தார். கூலி கேட்க வெட்கம். "விருப்பமானதைத் தாங்கோ மாமி" என்றேன். ஒரு டப்பா முறுக்குத் தந்தார். நல்ல முறுக்கு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் லைனிங், கொக்கி, நூல் எல்லாம் என் காசு. அடுத்த நாளே விலையை ஓர் அட்டையில் எழுதி மெசினுக்கு மேலே ஒட்டிவிட்டேன். இப்போதும் சொந்தக்காரருக்குக் குறைக்கிறேன்தான், ஆனால் முதலில் முழு விலையைச் சொல்லிவிட்டுத்தான் குறைப்பேன்.

பக்கத்துத் தையல்காரர் என்ன வாங்குகிறார் என்று பார்த்து ஐம்பது ரூபாய் குறைத்துப் போடாதே. உன் நேரத்தைக் கணக்குப் பார். லைனிங் வாங்க 100 அல்லது 101 பஸ்ஸில் புறக்கோட்டை போய், கெய்சர் வீதியில் கடை கடையாக நிறம் தேடித் திரும்பினால் அரை நாள் போய்விடும். பருத்தி லைனிங்கை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்டலாம். இல்லாவிட்டால் முதல் கழுவலிலேயே சுருங்கும், பழி உனக்கு. அதெல்லாம் கூலியில் சேர வேண்டும். இப்போதைய சம்பளத்தோடு ஒப்பிடும்போதும் கைக்கு வரும் தொகையை மட்டும் பார்க்காதே. உன் பெயரில் சேரும் ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) முதலாளி போடும் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குப் (ETF) போடும் 3 வீதமும் வேலையை விட்டதோடு நின்றுவிடும்.

ஆவணியிலும் தையிலும் கலியாணக்காரர் வாசலில் நிற்பார்கள். ஆடியில் ஒருவரும் வரமாட்டார்கள். அந்த மாதத்தைத் தாண்ட வைப்பது பழைய பிளவுஸைப் பிரித்துப் பெரிதாக்கும் வேலைதான். அதனால் நீ தைப்பதில் உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டுத் தை. இரண்டு வருடத்தில் அதே ஆள் அதே பிளவுஸோடு வருவார்.

எந்த நாளில் தைத்துத் தருவேன் என்று தவணை சொல்வதில் நான் ஒரு தடவை வசமாக மாட்டினேன். 2022 மார்ச் கடைசியில், ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. மோட்டார் மெசின் சும்மா நிற்கிறது, வெள்ளிக்கிழமை கலியாணம், கையில் ஆறு பிளவுஸ். அம்மாவின் கால் மெசினைத் தூசு தட்டி, மெழுகுதிரி வெளிச்சத்தில் மிதித்து முடித்தேன். ஒன்றில் கை மாறித் தைத்துவிட்டேன், விடியற்காலையில் பிரித்தேன். அன்றிலிருந்து உண்மையான தவணைக்கு மேல் மூன்று நாள் கூட்டித்தான் சொல்கிறேன்.

பதிவு பற்றிக் கேட்டாயே, அது பெரிய விஷயமில்லை. கடைக்கு ஒரு பெயர் வைத்தால் வணிகப் பெயரைப் பதிய வேண்டும். வெள்ளவத்தை என்றால் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம். முதலில் உங்கள் கிராம சேவகரைப் போய்ப் பார், என்னென்ன தாள் வேண்டும் என்று அவரே சொல்லுவார். வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரரிடமும் இப்போதே கதைத்துவிடு. அந்தச் சான்றிதழ் இருந்தால் கடைப் பெயரிலேயே பேங்க் கணக்குத் திறக்கலாம். சமையல் காசும் தையல் காசும் ஒரே பர்ஸில் கிடந்தால், லாபமா நட்டமா என்று உனக்கே தெரியாது.

இரவு ஒன்பது மணிக்கு "சும்மா அளவு பார்க்க வந்தனாங்கள்" என்று பெல் அடிப்பார்கள். கதவைத் திறக்காதே.

ஞாயிற்றுக்கிழமை வா. கால் மெசின் இங்கேதான் இருக்கிறது, பெல்ட் மட்டும் மாற்ற வேண்டும். ஆட்டோவில் ஏற்றி விடுகிறேன்.

அன்புடன்,
அக்கா