தூக்க மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராத்திரி ஷிப்ட் முடித்தவர்களும் வயதானவர்களும், நாலாய் மடித்து நைந்துபோன பழைய சீட்டை நீட்டி, தூக்கத்துக்குப் போடும் அல்பிரசோலம் மாத்திரை கேட்பது வடசென்னை மருந்துக் கடைகளில் வாடிக்கை. இது மருத்துவர் சீட்டோடு மட்டுமே, கூடுதல் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய எச்1 பட்டியல் மருந்து. 2014 மார்ச் முதல் வாங்குபவர், மருத்துவர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். பழைய சீட்டுக்குக் கொடுப்பது உதவியே அல்ல.

சில வாரம் தொடர்ந்து போட்டாலே உடம்பு பழகிவிடும். சட்டென்று நிறுத்தினால் தூக்கம் முன்பைவிடக் கெடும், கை நடுங்கும், சிலருக்கு வலிப்பே வரும். மாத்திரை இல்லாமல் முடியாது என்று மறுபடி தொடங்குவது இங்கேதான். பெரும்பாலும் அது நிறுத்திய வேகத்தின் கோளாறு.

0.5 மி.கி. மாத்திரையைப் பாதியாக உடைத்தால் ஒரேயடியாக 50 சதவீதம் குறைகிறது. நெடுநாள் போட்டவர்களுக்கு 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைப்பதே பாதுகாப்பு. அவ்வளவு நுணுக்கமாக வெட்ட முடியாததால், உடம்பில் நெடுநேரம் நிற்கும் டயஸிபாமுக்கு மருத்துவர் மாற்றுவதுண்டு. அட்டையில் 'எஸ்.ஆர்.' என்றிருந்தால் பிளேடே வைக்கக் கூடாது. மெல்லக் கரைய வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும். எந்த வகையானாலும், மது குடித்துவிட்டுப் போட்டால் மூச்சே அடங்கலாம்.

இதைப் போடும் பாட்டி, தாத்தாவுக்கு இரவில் கழிப்பறைக்கு எழும்போது தள்ளாடும்; வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது மிச்சமுள்ள அட்டையையும் எடுத்துப் போங்கள். போனில் பேச அரசின் மனநல உதவி எண் 14416.

இப்படிக்கு,
மருந்தாளுநர்கள் சிலர்,
பழைய வண்ணாரப்பேட்டை.