முகம் மாறினால் முகம் திருப்புவதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாசகர் பக்கத்தில், பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரைப் பற்றி நம் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். இருபது ஆண்டாகப் பார்த்துவந்தவராம். நாயகர் வேடத்துக்கு யார் யாரையோ கொண்டுவந்து கெடுத்துவிட்டார்கள், இனி அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று முடித்திருந்தார். போகாமல் இருப்பது அவர் விருப்பம். ஆனால் வெவ்வேறு வருத்தங்களை ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிட்டார். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடரை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. டாக்டர் என்பவர் இரண்டு இதயம் கொண்ட வேற்றுக்கிரகவாசி. நீலநிறப் போலீஸ் பெட்டி ஒன்றில் ஏறிக் காலம் விட்டுக் காலம் போவார். சாகும் தறுவாயில் அவர் உடம்பே மாறிவிடும். புது முகம், புதுக் குணம். 1963 நவம்பர் 23 முதல் நடித்துவந்த வில்லியம் ஹார்ட்னெல்லுக்கு உடல்நலம் கெட்டபோது, தொடரை நிறுத்த மனமில்லாமல் 1966இல் கண்டுபிடித்த உபாயம் இது. அடுத்து வந்த பாட்ரிக் டிரௌட்டனைப் பார்த்து, கோமாளித்தனம் செய்கிறார் என்று அன்றே குறை சொன்னார்கள். ஆக, ஃபீனிக்ஸ் நண்பரின் கோபத்துக்கு வயது அறுபதை நெருங்குகிறது.

நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். நம் தென்னாப்பிரிக்காவுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1976 ஜனவரியில். நிறவெறி அரசைக் கண்டித்து, பிரிட்டிஷ் நடிகர் சங்கம் தன் உறுப்பினர்கள் நடித்தவற்றை இங்கே விற்கக் கூடாது என்று தடை போட்டிருந்தது. அதனால் அமெரிக்கத் தொடர்களும், ஆஃப்ரிகான்ஸ் பேசும் ஜெர்மன் துப்பறிவாளர்களும்தான் நமக்கு வாய்த்தார்கள். லண்டனில் நர்ஸாக இருந்த என் அத்தை, வீட்டுத் தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்த கேசட்டுகளை ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவார். இங்கும் அங்கும் ஒரே 'பால்' (PAL) ஒளிபரப்பு முறை என்பதால் மாமா வீட்டு வீடியோவில் அவை ஓடின. தடை நியாயமானது என்று இன்று புரிகிறது. பத்து வயதில் கேசட் மட்டும்தான் புரிந்தது.

என் டாக்டர் டாம் பேக்கர். சுருட்டை முடி, முட்டைக்கண், தரையைப் பெருக்கும் நீளத்துக்குக் கம்பளிக் கழுத்துத்துணி. டர்பன் புழுக்கத்தில் அம்மாவின் பழைய புடவையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சாட்ஸ்வொர்த் தெருவில் திரிந்து, வேர்க்குரு வந்து பவுடர் பூசிக்கொண்டவன் நான். ஏழு ஆண்டு நடித்த அவர், 1981 மார்ச்சில் ஒரு பெரிய வானொலித் தொலைநோக்கியிலிருந்து கீழே விழுந்தார். புல்தரையில் கிடந்தவர் கண்ணெதிரே மாறினார். எழுந்து உட்கார்ந்தது, பொன்னிற முடியோடு ஒரு பால்வடியும் முகம்! பீட்டர் டேவிசனைத் தேர்ந்தெடுத்தபோது அவருக்கு வயது இருபத்தொன்பது. "இவன் யார்?" என்று கத்திவிட்டு நான் போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

ஆயா, அதாவது என் பாட்டி, வந்து என்ன ஏது என்று கேட்டாள். அவள் டர்பனுக்கு வடக்கே கடலோரக் கரும்புத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். சொன்னேன். சிரிக்கவில்லை. தோட்டத்துக் கோயிலில் விடிய விடிய நடக்கும் கூத்தைப் பற்றிச் சொன்னாள். தெருக்கூத்து என்ற சொல் வெள்ளைக்காரர் வாயில் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று மருவிப் போனதே, அதேதான். பல வருஷம் திரௌபதி வேடம் கட்டிய ஒருவர் இறந்துபோய், அடுத்த வருஷம் வேறொரு ஆள் கட்டினாராம். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, உள்ளேயிருந்து முதலில் குரல்தான் வரும். முகம் தெரிவதற்கு முன்பே, "இது அவர் குரல் இல்லை" என்று பெண்கள் எல்லோரும் வாயைக் கோணினார்களாம். ஆயா பாயைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாளாம். "துகில் உரியும் இடத்தில் அவன் கையைத் தூக்கிக் கிருஷ்ணா என்று கூப்பிட்டான் பார், என்னை அறியாமல் திரும்பிவிட்டேன். பிறகு விடிகிற வரை அழுகைதான்" என்றாள். திரௌபதி வேடத்தில் இருந்தவருக்கு மீசை மழித்த பச்சை, அரிதாரத்தையும் மீறித் தெரிந்ததாம். அதைச் சொல்லும்போதுதான் சிரித்தாள்.

எனவே, பழையவர் போன துக்கத்தில் புதியவரைப் பிடிக்காமல் போவதை நான் குறை சொல்லமாட்டேன். துக்கத்துக்குக் காரணம் கேட்க முடியாது. ஆனால் பாயைத் திருப்பிப் போடலாமே தவிர, சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் துகிலுரிதலை யார் பார்ப்பது?

அடுத்தது, எழுதுகிறவர் செய்த பிழைக்கு நடிகரை அடிப்பது. ஆறாவதாக வந்த காலின் பேக்கரை நினைத்துப் பாருங்கள். 1984இல் அவருடைய முதல் கதையிலேயே, கூட வந்த பெண்ணின் கழுத்தை நெரிக்கும்படி எழுதினார்கள். ஒட்டுத்துணி தைத்த கோமாளிக் கோட்டையும் மாட்டிவிட்டார்கள். இடையில் தொடரே பதினெட்டு மாதம் நின்றது. 1986இல் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே மனிதர் பிற்பாடு ஒலி நாடகங்களில் அதே வேடத்தை நடித்தபோது, ஒதுக்கியவர்களே தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஆள் மாறவில்லை, கதைதான் மாறியது. முதல் பெண் டாக்டராக வந்த ஜோடி விட்டேக்கர் காலத்திலும் இதுவே நடந்தது. நாம் முதல் டாக்டர் என்று நம்பியவர் முதல்வரே இல்லை, அதற்கு முன்பே எத்தனையோ பிறவிகள் உண்டு என்று 2020இல் ஒரு குண்டைப் போட்டார்கள். எனக்கும் எரிச்சல்தான். அதை எழுதியவர் கிறிஸ் சிப்னால். வசவை வாங்கியவர் விட்டேக்கர்.

நண்பரின் கடிதத்தில் என்னை உறுத்தியது இவை இரண்டும் அல்ல. "முதலில் பெண், பிறகு கறுப்பர், அடுத்து என்னவோ" என்று ஒரு வரி வருகிறதே, அதுதான். (இளையவர் என்று நான் ஒதுக்கிய அந்த டேவிசனும் 2017இல் பெண் டாக்டர் வருகிறார் என்றதும், பையன்களுக்கு ஒரு முன்மாதிரி போய்விட்டதே என்று வருந்தியவர்தான். திரௌபதிக்கு மீசை இருக்கலாம், டாக்டருக்குக் கூந்தல் இருக்கக் கூடாதாக்கும்!) ருவாண்டாவில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்த சூட்டி காட்வாவை டாக்டராகப் பிடிக்கவில்லை என்று சொல்ல எத்தனையோ காரணம் இருக்கிறது. அடிக்கடி அழுகிறார், இரண்டு பருவத்துக்கும் எட்டெட்டு அத்தியாயம்தான், முதல் பருவத்தில் வேறொரு தொடரின் படப்பிடிப்பு முடியாததால் இரண்டு அத்தியாயங்களில் கொஞ்ச நேரமே தலை காட்டுகிறார். இதையெல்லாம் எழுதியிருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அந்த இரண்டில் ஒன்று 2024 ஜூனில் வந்தது. பணக்கார இளைஞர்கள் மட்டும் வாழும் நகரம் அழிகிறது. காப்பாற்றுகிறேன், என் பெட்டிக்குள் வாருங்கள் என்று டாக்டர் கூப்பிடுகிறார். அவர்கள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு மறுத்துவிடுகிறார்கள். அந்த ஊரில் அத்தனை பேரும் வெள்ளையர். அதை நான் அதுவரை கவனிக்கவேயில்லை. இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த நானே கவனிக்கவில்லை! காட்வா முதலில் நம்ப முடியாமல் சிரிக்கிறார். நீங்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள், உயிரோடு இருங்கள் என்று கெஞ்சுகிறார். பிறகு அலறுகிறார். பக்கத்தில் என் அப்பா இருந்தார். நிறவெறி அரசால் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்த வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு, லாரியில் சாமான் ஏற்றிச் சாட்ஸ்வொர்த் வந்தவர். டாக்டர் யார், பெட்டி எது என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. "அந்தப் பிள்ளை ஏன் இன்னும் கெஞ்சிக்கொண்டிருக்கிறான்?" என்று மட்டும் கேட்டார். ஃபீனிக்ஸ் நண்பர் அந்த அத்தியாயத்தைப் பார்த்தாரா என்று தெரிந்துகொள்ள ஆசை.

கடைசியாக என் வீட்டுக் கதை. என் மகளின் டாக்டர் விட்டேக்கர். ஒன்பது வயதில் வானவில் கோடு போட்ட சட்டையும் மஞ்சள் தோள்பட்டியும் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டவள். 2022 அக்டோபரில் விட்டேக்கர் முகம் மாறியபோது, முன்பே நடித்துவிட்டுப் போன டேவிட் டென்னன்ட் திரும்பவும் வந்து நின்றார். நான் துள்ளிக் குதித்தேன். மகள் எழுந்து வாசற்படிக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போய், கூத்துக் கதையைச் சொன்னேன். "உங்களுக்குப் பிடித்தவர் வந்துவிட்டார், அதனால் உங்களுக்குக் கதை சொல்ல வருகிறது" என்றாள். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

2025 மே கடைசியில் காட்வாவும் போய்விட்டார். அவர் இருந்த இடத்தில் தெரிந்தது, 2005இல் டாக்டரின் தோழியாக வந்த பில்லி பைப்பரின் முகம். அவர்தான் புதிய டாக்டரா என்பதைக்கூட அந்த அத்தியாயத்தில் சொல்லவில்லை. அதற்குள் நம் நண்பர் அவரையும் தேறாதவர் பட்டியலில் சேர்த்துவிட்டார்! 2026 கிறிஸ்துமஸுக்கு ஒரு சிறப்பு அத்தியாயம் வரும் என்று பிபிசி அறிவித்திருக்கிறது. யார் வந்தாலும் மூன்று அத்தியாயம் வரை வாய் திறப்பதில்லை என்று மகள் ஒப்புக்கொண்டிருக்கிறாள். நான் ஐந்து கேட்டேன்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் வாசகர்,
டர்பன், தென்னாப்பிரிக்கா.