இரண்டு மீட்டர் மடிப்பும் அறுபது டன் மெஷினும்

அன்புள்ள மாப்பிள்ளை,

இங்கே சிங்கப்பூரில் துவாஸ் லிங்க் நிலையத்தில்தான் ரயிலே கிளம்புகிறது என்பதால் எனக்கு எப்போதும் உட்கார இடம் கிடைத்துவிடும். நேற்று மாலை அப்படி உட்கார்ந்துதான் உன் கடிதத்தைப் படித்தேன். ஜூரோங் கிழக்கில் இறங்க மறந்து இரண்டு நிலையம் தாண்டிப் போய்விட்டேன். துவாக்குடியில் சொந்தப் பட்டறை, அதில் தகடு மடிக்கும் பிரஸ் பிரேக்! ஐ.டி.ஐ.யில் அரம் பிடிக்கத் தெரியாமல் திட்டு வாங்கியவன் நீதானே?

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். 3 மில்லி எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதா எஃகு) தகடு, 2 மீட்டர் நீள மடிப்பு, வளைவின் உள் ரேடியஸ் 1 மில்லி. மெஷின் 60 டன். மேலிருந்து அழுத்தும் பஞ்ச்சைக் கூரானதாக வாங்கினால் போதுமா என்று கேட்டிருக்கிறாய். போதாது. நானும் வெகுநாள் பஞ்ச்தான் ரேடியஸைத் தீர்மானிக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். தகடு கீழே இருக்கும் வி டையின், அதாவது வி வடிவப் பள்ளம் வெட்டிய அச்சின், இரண்டு தோள்களில் படுத்திருக்கிறது, நடுவில் பஞ்ச் அழுத்துகிறது. அடிவரை போய் முட்டாத வரைக்கும் தகடு தன் போக்கில்தான் வளைகிறது. எம்.எஸ்.ஸில் உள் ரேடியஸ் வி அகலத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் வரும். 24 மில்லி வி போட்டால் 4 மில்லிக்குச் சற்றுக் குறைவு. கூரான பஞ்ச் அதைக் குறைக்காது. உட்புறத்தில் கத்தியால் கீறியதுபோல் ஒரு பள்ளத்தைத்தான் போடும்.

‘அப்படியானால் வி அகலத்தைக் குறைக்கிறேன்’ என்பாய். அங்கேதான் டன் கணக்கு கழுத்தைப் பிடிக்கும். தகட்டின் இழுவலிமையை (அறுபடாமல் தாங்கும் இழுவிசை, சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று) 1.42ஆல் பெருக்கு, தடிமனை இரண்டு முறை பெருக்கு, நீளத்தையும் பெருக்கி, வி அகலத்தால் வகு. எல்லாம் மில்லிமீட்டரில் இருந்தால் விடை நியூட்டனில் வரும், அதை 9,810ஆல் வகுத்தால் டன். எம்.எஸ்.ஸுக்கு இழுவலிமை 450 என்று வைத்தால் 24 வி-யில் உன் மடிப்புக்கு ஏறக்குறைய 49 டன். 16 வி-யில் 73. உன் மெஷின் எங்கே போகும்? அப்படியும் ரேடியஸ் இரண்டரை மில்லிதான். 1 மில்லி கனவில்தான். வரைபடம் போட்ட பையனிடம் 4 மில்லிக்குச் சம்மதம் வாங்கு, ஆனால் வெட்டு அளவையும் மறுபடி போடச் சொல். ரேடியஸ் மாறினால் விரிநீளமும், அதாவது மடிக்குமுன் தட்டையாக வெட்ட வேண்டிய நீளமும், மாறும். அதை மறந்துவிட்டு அளவு வரவில்லை என்று மெஷினைத் திட்டாதே.

அடுத்து எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வேலை வரும் என்கிறாய். அதில் 304 ரகத்துக்கு எம்.எஸ்.ஸைப்போல் ஒன்றரை மடங்கு பலம் என்று வைத்துக்கொள். அதே 3 மில்லி, அதே நீளத்துக்கு 32 வி போட்டால்தான் 55 டன்னில் அடங்கும். எஸ்.எஸ். எம்.எஸ்.ஸைவிடப் பெரிதாக வளையும், ரேடியஸ் 6 மில்லியைத் தாண்டும். அழுத்தம் விட்டதும் மடிப்பு இரண்டு மூன்று பாகை திரும்பி எழும், அதற்கேற்பக் கூடுதலாக மடி. இன்னொன்று, சின்னத் துண்டு ஒன்றை நடுவில் வைத்து முழு 60 டன்னையும் கொடுத்துவிடாதே. மெஷினின் படுக்கை குழிந்தால் பிறகு எந்த நீள மடிப்பும் நேராக வராது.

வந்த முதல் வருடம் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். 6061-டி6 என்ற கடின ரக அலுமினியம், 3 மில்லி. அலுமினியம்தானே, மெத்தென்றிருக்கும் என்று 16 வி-யில் போட்டேன். வெளிப்புறம் முதலில் ஆரஞ்சுத் தோலைப்போலச் சொரசொரத்தது. பிறகு ‘டக்’ என்று ஒரு சத்தம், மயிரிழைக் கீறல். புத்தி வருவதற்குள் பன்னிரண்டு துண்டு போய்விட்டது. கூட வேலை செய்த சீனப் பெரியவர் ஒன்றும் திட்டவில்லை. நகத்தால் கீறலைத் தடவிப் பார்த்தார், பிறகு ஆலையில் உருட்டித் தகடாக்கியபோது விழுந்து அதில் ஓடிய உருட்டுக் கோடுகளைக் காட்டினார். மடிப்பு அந்தக் கோடுகளின் போக்கிலேயே விழுந்திருந்தது. வாழையிலை நரம்பின் போக்கில்தானே கிழியும்? அன்று சாயங்காலம் லிட்டில் இந்தியாப் பக்கம் தேக்காவில் இலை போட்டுச் சாப்பிடும்போது அதை இரண்டு பக்கமும் மடித்து மடித்துப் பார்த்தேன். பரிமாறியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இங்கே எல்லாரும் நலம். சின்னவள் தமிழில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். ‘ழ’ மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. பொங்கலுக்கு வருகிறேன். உனக்கு வளைவை அளக்கும் ரேடியஸ் கேஜ் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அத்தைக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுது. கோடாலித் தைலம் மட்டும் வேண்டாம், போன தடவை கொண்டுவந்த பன்னிரண்டு புட்டியே இன்னும் தீர்ந்திருக்காது.

உன்,
கடைசி பெஞ்சு நண்பன்