யன்னல் பக்கம் சாயும் கன்றுகள்

கிளிநொச்சி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தை இரவு கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யன்னல் ஓரம், தயிர்க் கோப்பைக்குள் ஐந்து மிளகாய்க் கன்றுகள். நூல்போல நீண்டு, எல்லாம் ஒரே பக்கம் தலை சாய்த்தபடி. "தண்ணி காணாதோ அம்மா, பசளை போடவோ?" என்று கேட்டிருந்தாய். இரண்டும் வேண்டாம் பிள்ளை. அதுகளுக்குக் காணாமல் இருப்பது வெளிச்சம், அதிலும் நீல ஒளி.

நாற்றுமேடையைக் கிடுகால் மூடுவோமே, நினைவிருக்கா? முளை தெரிந்த அன்றே அப்பா கிடுகை எடுத்துவிடுவார். இரண்டு நாள் பிந்தினால் நாற்று வெளிறி, கழுத்து நீண்டு, முதல் மழைக்கே படுத்துவிடும். இருட்டில் கிடக்கும் முளைக்கு விதைக்குள் இருக்கும் சத்துத்தான் கையிருப்பு. அதை நீளுவதிலேயே செலவழிக்கும். நீல ஒளி பட்டதும் நீளுவதை அடக்கச் சொல்லுகிற புரதம் கிரிப்டோகுரோம். 1993 இல்தான் அதன் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள்.

சாய்வதற்கு வேறொரு புரதம், போட்டோட்ரோபின். அது நீல ஒளி எந்தப் பக்கத்தால் வருகிறதென்று உணர, ஒட்சின் என்ற ஓமோன் நிழல் பக்கத்தில் கூடும். அந்தப் பக்கத்துக் கலங்கள் அதிகம் நீள, தண்டு வெளிச்சத்தின் பக்கம் வளையும்.

2010 இல் மீளக் குடியேறித் தகரக் கொட்டிலில் இருந்தோமே, அப்போது நீ சின்னப் பிள்ளை. சிரட்டையில் போட்ட பயறு, பழைய தகரத்தில் இருந்த ஆணி ஓட்டையைப் பார்த்து வளைந்து நின்றதை நீதான் முதலில் கண்டாய். பிறகு இரண்டு சப்பாத்துப் பெட்டியில் துளை வெட்டி, ஒன்றுக்குச் சிவப்புக் கண்ணாடிக் கடதாசி, மற்றதுக்கு நீலம் ஒட்டினோம். மூன்றாம் நாள் திறந்தால் நீலப் பெட்டிப் பயறு துளையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. சிவப்புப் பெட்டியில் நேரே மேலே. நீ வளைந்த கழுத்தை விரலால் தடவித் தடவி நிமிர்த்தப் பார்த்தாய். எத்தனையோ வருடம் விஞ்ஞானம் படிப்பித்தேன், எனக்கு மறக்காத பாடம் அதுதான்.

டார்வினும் இப்படித்தான் தன் மகனோடு சேர்ந்து புல் முளைகளின் நுனிக்குத் தொப்பி போட்டுப் பார்த்தார். நுனியை மூடினால் முளை வளையவில்லை. உணருவது நுனி, வளைவது அதற்குக் கீழே. 1880 இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார்கள்.

இனி உன் கன்றுகள். மஞ்சள் வெளிச்சம் தரும் பல்பில் நீலம் குறைவு, அது வேண்டாம். பகல்போல வெளிச்சம் தரும் வெள்ளை எல்.ஈ.டி வாங்கி, ஒரு சாண் உயரத்தில் நேர் மேலே கட்டு. அதற்குள் இருப்பதே நீல விளக்குத்தான், மேல்பூச்சுத்தான் அதை வெள்ளையாக்குகிறது. இரவில் அணைத்துவிடு. நீண்ட தண்டு இனிக் குறுகாது, ஆனபடியால் மாற்றி நடும்போது வித்திலைக்கு, அதுதான் முதலில் விரிந்த சோடி இலைக்கு, கொஞ்சம் கீழே வரை மண் அணை. வாற சனிக்கிழமை இன்னொரு படம் எடுத்து அனுப்பு, கழுத்துப் பக்கம் வடிவாய்த் தெரிய.

அன்புடன்,
அம்மா